நூற்று முப்பதில் நிற்கும் சர்க்கரை

ஜூன் 3, திங்கள்

காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 131. ஊசி வேலை முடிந்தது.

கம்பெனியிலிருந்து இரண்டு கட்டு பனியன் வந்திருக்கிறது. தைத்து முடித்த பனியனில் அங்கங்கே நூல் நுனி தொங்கும். அதை ஒட்ட வெட்டி, மடித்து அடுக்க வேண்டும். பிசிறு வெட்டுவது என்று சொல்வார்கள். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

இது என்னுடைய பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டு. முதல் பதினோரு பக்கத்தில் மட்டும் பாடம் இருக்கிறது. மீதியை வீணாக்குவானேன் என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். சர்க்கரைக்கு வேறு நோட்டு உண்டு. அதில் எண்கள் மட்டும்தான்.

ஜூன் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி நாள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அரை நாள் லீவு போட்டு வந்தாள். ஏழு மணிக்கு வரிசையில் நின்று பதினொன்றேகாலுக்கு உள்ளே போனோம்.

ஒவ்வொரு மாதமும் வேறொரு சின்ன டாக்டர் இருப்பார். நோட்டைப் புரட்டுவார். 129, 132, 131 என்று பார்த்துவிட்டு இரண்டு யூனிட் கூட்டி எழுதுவார். போன வருடம் பன்னிரண்டு யூனிட்டாக இருந்த இன்சுலின், இரண்டிரண்டாக ஏறி இன்றைக்கு முப்பத்திரண்டுக்கு வந்தது. இதுவரை ஒருவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்ததில்லை.

இன்று பெரிய டாக்டர் அந்தப் பக்கமாக வந்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். நாற்பத்தொரு கிலோ பெண்ணுக்கு முப்பத்திரண்டு யூனிட்டா என்று சின்ன டாக்டரிடம் கேட்டார். பிறகு என்னிடம், சர்க்கரை இறங்கி நடுக்கம், வேர்வை, படபடப்பு வருகிறதா என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

அம்மாதான் பதில் சொன்னாள். "முன்ன வருமுங்க. இப்பப் பத்து மாசமா ஒண்ணுமில்லீங்க. ஒடம்புக்குப் பழகிப்போச்சுங்க."

"அப்படியெல்லாம் பழகாதும்மா" என்றார் அவர்.

ஒன்று, ஊசி சரியாக உடம்புக்குள் போகவில்லை. இல்லையென்றால் இது வேறு வகைச் சர்க்கரை. இரண்டையும் பார்த்துவிடலாம் என்றார். இருபத்தைந்தாம் தேதி வார்டில் சேர வேண்டும். சிஸ்டர் கையாலேயே முப்பத்திரண்டு யூனிட் போட்டுப் பார்ப்பார்களாம். இன்னொன்று, ஜீன் பரிசோதனை. அதற்கு என் ரத்தம், அம்மா ரத்தம், அப்பா ரத்தம் மூன்றும் வேண்டுமாம்.

பஸ்ஸில் வரும்போது அம்மாவுக்குச் சந்தோஷம். கடைசியில் ஒருத்தராவது கவனித்துப் பார்த்தாரே என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 6, வியாழன்

128. ஊசி வேலை முடிந்தது. ஒன்றரைக் கட்டு.

ஜூன் 9, ஞாயிறு

ருக்குமணி அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா, அவிநாசியில் இருக்கிறாள். ஜீன் பரிசோதனை பற்றி அப்பா சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எதுக்கு என்ற தம்பி ரத்தத்தை எடுக்கறாங்க? எங்க வம்சத்துல சக்கரைங்கற பேச்சே கெடையாது. வளர்மதி, உங்கப்பனுக்குக் காலை எடுத்தப்பவே நான் நெனைச்சேன், இது யாரு தலையில விடியுமோன்னு."

அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் அப்பாவுக்குச் சர்க்கரையால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே இறந்துபோனார். ஒன்பதாம் வகுப்பு மருத்துவ முகாமில் எனக்குச் சர்க்கரை என்று சொன்ன நாளிலிருந்து, அந்தக் காலை அம்மா தன் தோளில் சுமந்துகொண்டு நடக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். அத்தை வரும்போதெல்லாம் அதன் மேல் இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்றிவிட்டுப் போவாள்.

அத்தை போன பிறகு அம்மா என் தலையைத் தொட்டு, "என்ற பக்கத்துச் சீக்குத்தான் கண்ணு, நான்தான் குடுத்துப்போட்டேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல.

ஜூன் 11, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. இன்னும் பதினான்கு நாள்.

ஜூன் 14, வெள்ளி

அப்பாவும் அம்மாவும் ரத்தம் கொடுக்கப் போனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள். ஆராய்ச்சிப் பிரிவில் ஷாஹின் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். இருபத்தைந்து வயது இருக்கும். எந்நேரமும் கொட்டாவி விடுவார், உடனே மன்னிப்பும் கேட்பார்.

அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. இந்த வாரம் ஊதா நீலம். ஷாஹின் அக்கா ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கத் துடைக்க முழங்கை மடிப்பில் நீலம் போகவேயில்லை.

"நரம்பு எது, சாயம் எதுன்னே தெரியலையே அண்ணா" என்றார்.

"குத்திப் பாரு கண்ணு. நீலமா வந்தா அது எங்க மொதலாளிக்குச் சேரோணும்" என்றார் அப்பா.

இந்த ரத்தத்தில் எதைத் தேடுவீர்கள் என்று அப்பா கேட்டார். ஷாஹின் அக்கா குழாயில் பெயர் ஒட்டிக்கொண்டே சொன்னார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்ப்பதைப் போல நின்று எல்லாவற்றையும் கேட்டேன். எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

வயிற்றுக்குள் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் இன்சுலின் சுரக்கும் செல்கள் உண்டு. செல்லுக்குக் கண் கிடையாது, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க முடியாது. ஆனால் அதற்குள் ஒரு புரதம் இருக்கிறது. வரும் சர்க்கரையை அது பிடித்துப் பிடித்து உள்ளே தள்ளுகிறது. நிறையத் தள்ளினால் நிறைய இருக்கிறது என்று செல்லுக்குத் தெரிந்துவிடும். உடனே இன்சுலினை வெளியே விடும். இன்சுலின் செய்வது எப்படி என்று எழுதியிருக்கும் ஜீனையும் திறந்து, வேகவேகமாகப் படித்துப் புதிதாகச் செய்யத் தொடங்கும். எல்லாச் செல்லிலும் எல்லா ஜீனும் உண்டாம். எதைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறதாம்.

சிலருக்கு அந்தப் புரதத்தின் ஜீனில் பிறக்கும்போதே ஓர் எழுத்து மாறியிருக்கும். சர்க்கரையைக் கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கும். அதனால் செல் கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொள்ளும். நம் வீட்டு அயர்ன் பாக்ஸ் திருகில், சூடு போதும் என்று லைட் அணையும் இடம் ஒரு கோடு தள்ளி இருப்பதைப் போல என்றார்.

அம்மா வேறொன்று கேட்டாள். சர்க்கரை ஏறியே கிடந்தால் காலை ஏன் எடுக்கிறார்கள்? ஷாஹின் அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். ரொம்ப நாள் அதிகச் சர்க்கரையில் ஊறிக் கிடந்தால், மூடியிருக்க வேண்டிய ஜீன்கள் கண்ணிலும் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் திறந்துகொள்ளும். பிறகு சர்க்கரையைக் குறைத்தாலும் சிலது மூடாது. பழைய சர்க்கரையை அந்தச் செல் ஞாபகம் வைத்திருக்கும்.

நான் முகம் தெரியாதபடி சுவர்ப் படத்துக்கு இன்னும் கிட்டப் போய் நின்றுகொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எங்காவது ஓரிடத்தில் இருக்கட்டும்.

போன ஆகஸ்டிலிருந்து நான் ஊசி போட்டுக்கொள்வதில்லை.

தினமும் காலை ஆறரைக்கு ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் இடத்திலிருந்து மருந்தை எடுக்கிறேன். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறேன். தொடையில் போடுவதால் அம்மா உள்ளே வருவதில்லை. அளவு பார்த்துச் சிரிஞ்சில் ஏற்றி, சாக்கடை ஓட்டையில் விட்டுவிட்டு வெளியே வருகிறேன். பாட்டிலில் மருந்து குறைந்திருக்கும். அம்மா அதைப் பார்ப்பாள். "ஆச்சா?" என்பாள். "ஆச்சு" என்பேன். மூன்று எழுத்துப் பொய். இந்த நோட்டில்கூட ஊசி வேலை முடிந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன்.

எண்களை மட்டும் மாற்றி எழுதியதில்லை. நூறு என்று எழுதியிருந்தால் யாரும் மருந்தை ஏற்றியிருக்க மாட்டார்கள். அதற்கு ஏனோ கை வரவில்லை.

ஏன் நிறுத்தினேன் என்றால், ஊசி போட்டால் பதினோரு மணிக்குள் எனக்கு உடம்பெல்லாம் உதறும். மெஷினில் பார்த்தால் 78 இருக்கும். 78 சரியான அளவுதான், இது வெறும் பயம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையின்போது அப்படித்தான் வந்தது. மயங்கி விழுந்தேன். விழித்தபோது பாவாடை நனைந்திருந்தது. பையன்கள் பெஞ்சைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மயங்கியதை மட்டும் வீட்டில் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து போகவில்லை. சர்க்கரை உடம்பு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

போன ஆகஸ்டில் அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று முதல் தடவையாகப் போடாமல் விட்டேன். மறுநாள் பார்த்தால் 130. போட்டாலும் காலையில் அதே 130, போடாவிட்டாலும் அதே 130. உதறல் மட்டும் இல்லை.

இப்போது ஷாஹின் அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு, எனக்குள் எதெல்லாம் திறந்திருக்கும், எதெல்லாம் இனி மூடாது என்று தெரியவில்லை. பத்து மாதம். இருபத்தைந்தாம் தேதி முப்பத்திரண்டு யூனிட்டை நிஜமாகவே போடுவார்கள். பன்னிரண்டுக்கே விழுந்தவள் நான்.

சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 17, திங்கள்

சொல்லவில்லை. அம்மாவுக்குத் தலைவலி.

ஜூன் 20, வியாழன்

129. சொல்லவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். என்ன கண்ணு என்றாள். கத்தரி மழுங்கிவிட்டது என்றேன். மாலையில் புதுக் கத்தரி வாங்கி வந்துவிட்டாள்.

ஜூன் 24, திங்கள்

பை கட்டியாகிவிட்டது. இரண்டு நைட்டி, துண்டு, தட்டு, டம்ளர், இந்த நோட்டு. அம்மா ஐந்து நாள் லீவு சொல்லியிருக்கிறாள். சூப்பர்வைசர் முகத்தைக் காட்டினாராம். எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் களைப்பு.

ஜூன் 25, செவ்வாய்

வார்டு. பதினேழாவது படுக்கை. எனக்குத்தான் இங்கே வயது குறைவு. கண், சிறுநீர் எல்லாம் பரிசோதித்தார்கள். ஊசி நாளைக் காலையில். அம்மா கீழே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு என் கதை முழுவதும் சொல்லி முடித்துவிட்டாள். பொண்ணு ஒரு நாள்கூட ஊசி தவறினதில்லை என்றும் சொன்னாள்.

ஜூன் 26, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறரைக்கு சிஸ்டர் வந்தார். தட்டில் சிரிஞ்ச் இருந்தது. முப்பத்திரண்டு வரை நிறைந்திருந்தது. சாக்கடையில் விடும்போது அது இவ்வளவு நிறைய இருக்கிறதென்று தெரியவில்லை. நைட்டியைத் தூக்கச் சொன்னார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பயமா, சின்னக் குழந்தையா நீ, தினமும் போட்டுக்கொள்வதுதானே என்றார். இன்னும் கெட்டியாகப் பிடித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கைய விடு பாப்பா, இன்னும் பதினாறு பேருக்குப் போடணும்" என்றார். அம்மா எழுந்து வந்து என் விரல்களைப் பிரித்தாள்.

"நான் போடறதில்லீங்க" என்றேன். "பத்து மாசமா ஒரு ஊசிகூடப் போடலீங்க. எல்லாத்தையும் கீழ ஊத்திட்டேனுங்க."

சிஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். தட்டோடு டாக்டர் அறைக்குப் போய்விட்டார்.

அம்மா என் விரல்களைப் பிடித்தபடியே இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். ஆனால் சொன்னது இதுதான்: "தெனமும் காலைல அந்தக் கதவுக்கு வெளிய நின்னனே கண்ணு. நீ உள்ள விழுந்துபோட்டா சத்தம் கேக்கோணுமேன்னு காது வெச்சுட்டு நின்னனே."

எனக்கு அது தெரியாது.

பெரிய டாக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். திட்டுவதற்குத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சர்க்கரை நோட்டை வாங்கி, போன ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். இதெல்லாம் ஊசியே இல்லாமல் வந்த எண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையாக எழுதியதா என்றார். ஆமாம் என்றேன். சின்ன டாக்டர்களைப் பக்கத்தில் வரச் சொல்லி அந்தப் பக்கத்தைக் காட்டினார். காலையில் அந்த முப்பத்திரண்டைப் போட்டிருந்தால் என்று தொடங்கியவர், அம்மா முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஊசி வேண்டாம். ஐந்து நாள் எதுவும் போடாமல் பார்ப்போம் என்றார்.

ஜூன் 29, சனி

காலை 130. இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 148. நேற்று 127, 151. அதற்கு முன்தினமும் இப்படித்தான். கண்ணில் ஒன்றுமில்லை. சிறுநீரகத்திலும் ஒன்றுமில்லை. இதைக் கேட்ட பிறகு குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அம்மா வேளாவேளைக்குச் சாப்பாடு வாங்கி வருகிறாள். தட்டைக் கழுவுகிறாள். பேசுவதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரிடமும் பேசுவதில்லை.

ஜூலை 1, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜீன் முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். நான்கு கட்டு பனியன் காத்திருந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், உன் மேல் கோபத்தைவிடத் தன் மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகம் என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

ஒரு கட்டு. இன்னும் பேசவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

மூன்று பேரும் போனோம். பெரிய டாக்டரும் ஷாஹின் அக்காவும் இருந்தார்கள்.

அந்தப் புரதத்தின் ஜீனில் எனக்கு ஓர் எழுத்து மாறியிருக்கிறது. நூறிலேயே விழிக்க வேண்டிய செல், நூற்று முப்பதில் விழிக்கிறது. ஆனால் விழித்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால்தான் சர்க்கரை அதற்கு மேல் ஓடுவதில்லை. இன்சுலின் ஊற்றிக் கீழே இழுத்தால் உடம்பு பயந்துபோய் மறுபடி ஏற்றப் பார்க்கும். மற்றவர்களுக்கு 78 சாதாரணம், எனக்கு அது பள்ளம். உதறல் பொய்யில்லை என்றார். இந்த அளவுச் சர்க்கரை கண்ணையோ காலையோ ஒன்றும் செய்யாதாம். மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம். பிற்காலத்தில் பிள்ளை உண்டாகும்போது மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அம்மா தலை குனிந்திருந்தாள். என் பக்கத்திலிருந்து வந்ததுதானுங்களே என்றாள்.

ஷாஹின் அக்கா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அம்மாவுக்கு அந்த எழுத்து மாறவில்லை. அப்பாவுக்கு மாறியிருக்கிறது. அப்பாவுக்குக் காலைச் சர்க்கரை 126. அவர் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை.

"அப்ப நானும் சீக்காளிங்களா?" என்றார் அப்பா.

இல்லை, நீங்கள் அப்படித்தான், அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

அம்மா இன்னும் தலை நிமிரவில்லை. "ஏனுங்க டாக்டர், அப்ப இவ பள்ளிக்கோடத்தை விட்டிருக்க வேண்டியதில்லைங்களா?"

டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார். "இல்லம்மா. வேண்டியதில்லை" என்றார்.

பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னைத் தொட்டிருக்கிறாள். இறங்கும் இடம் வந்தும் எழுப்ப மனம் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தோம்.

ஜூலை 25, வியாழன்

அப்பாவின் ரத்தச் சொந்தங்கள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் ருக்குமணி அத்தை. அத்தையிடம் யார் சொல்வது? அப்பா சாயப்பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். வேண்டுமென்றேதான் சீக்கிரம் கிளம்பினார்.

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். "நீதான் சொல்லோணும். நான் சொன்னாக் குத்திக்காட்டறேன்னு நெனைப்பாங்க."

நான் போனில் பேச மாட்டேன் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள். அவள் போனில் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். போனைப் பனியன் கட்டின்மேல் வைத்து இரண்டு பேரும் இரண்டு பக்கம் உட்கார்ந்தோம்.

அத்தை எடுத்தாள். நான் ஒரே மூச்சில் சொன்னேன். எழுத்து, புரதம், நூற்று முப்பது, அப்பா, மருந்து வேண்டாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயம். அப்பா பக்கம் என்ற இடத்தில் மட்டும் குரல் இறங்கிவிட்டது.

பிறகு அத்தை கேட்டாள். "அந்த எழுத்து இருந்தா எத்தனை காட்டும்னு சொன்னே?"

"நூத்தி முப்பதுகிட்டத்தானுங்க அத்தை."

"எனக்கு எட்டு வருஷமா நூத்தி இருபத்தெட்டு கண்ணு. ரெண்டு மாத்திரை திங்கறேன். உங்க மாமனுக்கே தெரியாது. அரிசி டப்பாவுக்குள்ள வெச்சிருக்கேன்." பிறகு அவசரமாக, "இதை உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாதே. பக்கத்துல இல்லதான?"

அம்மா என்னைப் பார்த்தாள். அசையவில்லை. இல்லீங்க என்று சொன்னால் முடிந்துவிடும். அன்றைய "ஆச்சு"வைவிட இரண்டு எழுத்து கூடுதல், அவ்வளவுதான்.

"பக்கத்துலதான் இருக்கறாங்க அத்தை" என்றேன். "ஸ்பீக்கர்ல போட்டிருக்குது. எல்லாத்தையும் கேட்டுட்டாங்க."

எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கை என்று கூப்பிடுவார்கள். அம்மா எத்தனையோ வருடமாக அத்தையை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நங்கைங்களா. நீங்களா மாத்திரையை நிறுத்திப்போடாதீங்க. ரத்தம் குடுத்துட்டு, டாக்டர் சொல்லட்டும். வர்ற செவ்வாக்கெழமை ஏழு மணிக்கெல்லாம் வரிசையில நிக்கோணும். வெறும் வயித்துல வாங்க. நானும் வாரேன்."

அத்தை என்ன சொன்னாள் என்று சரியாகக் கேட்கவில்லை. அழுதாள் என்று நினைக்கிறேன். அம்மா போனை வைத்துவிட்டுக் கட்டைப் பிரித்தாள். ஐம்பது பனியனை எண்ணி என் பக்கம் தள்ளினாள், ஐம்பதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம்.